காசோலையின் முதுகு

மனீசாவில் ஜனவரி மழை.
செவ்வாய் காலை ஒன்பது நாற்பதுக்கு
மூன்றாவது வரிசை நின்றது.
மோட்டார் இருந்தது. உருளை இருந்தது.
கடல் கடந்து வரும் சில்லுப் பலகைகூட
இஸ்மீர் துறைமுகத்தில் சுங்கம் தாண்டி
முந்தின நாளே வந்திருந்தது.
இல்லாதது கதவுப் பூட்டு;
பூட்டுக்குள், சுண்டுவிரல் நகமளவு
ஒரு சுருள்வில்.

கையிருப்பை இருபத்தொரு நாளிலிருந்து
நான்கு நாளுக்கு இறக்கியவன் நான்.
கிடங்கில் கிடப்பது தூங்கும் பணம் என்று
திரையில் காட்டிக் கைதட்டல் வாங்கியவன்.
ஒருவரை நம்பாதே, இருவரை வை,
இது திட்டத்தின் ஏழாம் பக்கம்.
பூட்டுக்கும் இருவர்:
பூர்சாவில் ஒருவர், இஸ்மீரில் ஒருவர்.
ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள்.
அன்று தொலைபேசியில் இருவரும்
ஒரே வாக்கியம் சொன்னார்கள்:
"வில் வரவில்லை, கம்பி இல்லையாம்."

இல்லையாம்.
யாருக்கு?

அதைக் கேட்டுக்கொண்டே போனதில்
ஆக்ஹிசார் வரை போய்விட்டேன்.
வழியெல்லாம் நனைந்த ஒலிவ மரங்கள்.
டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை,
இரண்டு சுருட்டும் இயந்திரங்கள், இரண்டும் சும்மா.
முயெஸ்ஸெர் தேநீர் ஊற்றினாள்.
சுவரோரம் நீலப் பெட்டிகள், மஞ்சள் பெட்டிகள்.
நீலம் பூர்சாவுக்கு, மஞ்சள் இஸ்மீருக்கு.
"வில்?"
"ஒரே வில்தான். பெட்டிதான் வேறு."
சிரித்தாள். எனக்கு
ஏழாம் பக்கம் கண்ணுக்குள் கசங்கியது.

பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து
ஒரு காசோலையை எடுத்து வைத்தாள்.
தேதி: ஏப்ரல் முப்பது.
முதுகில் இஸ்மீர்க்காரரின் முத்திரை,
அதன் கீழே துர்குட்லுவில் ஒரு தரகர்,
அதன் கீழே பச்சை மையில் அவள் பெயர்,
அதன் கீழே, கம்பி ஆலைக்காரன்
வாங்காமல் திருப்பிவிட்ட வெற்றிடம்.
"ஏப்ரல் காசோலைக்கு
ஏப்ரலில்தான் கம்பியாம்."
முன்பக்கம் திருப்பினாள்.
எங்கள் நிறுவனத்தின் பெயர்.
இடது ஓரம் நிதித்துறை செவின்ச்சின் கையொப்பம்.
வலது ஓரம்...
"துர்கூத் பே, இது நீங்கள்தானே?"

தேநீர் ஆறிப்போயிருந்தது.
திட்டத்தின் பதினோராம் பக்கமும் என்னுடையதுதான்:
கொடுக்க வேண்டியதை அறுபது நாளிலிருந்து
நூற்றைம்பதுக்குத் தள்ளு.
அந்தப் படத்தில் அம்புகள் எல்லாம்
இடமிருந்து வலமாக ஓடும்:
சுரங்கம், ஆலை, பட்டறை, நாம், கடை, வீடு.
வலமிருந்து இடமாக
ஒரு தாள் நடந்து போகிறது,
ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் களைத்து,
கடைசி வாசலில் உட்கார்ந்துவிடுகிறது.
அதற்கு நாங்கள் அம்பு வரையவில்லை.

செவின்ச்சை அழைத்தேன்.
எவ்வளவு என்றாள். சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
வரிசை நின்றால் பதினொரு நிமிடத்துக்கு
எங்களுக்கு ஆகும் நஷ்டம்தான் அந்தத் தொகை.
அதற்குள் நின்றது முப்பது மணி நேரம்.

புதன் மாலை கம்பி வந்தது.
வியாழன் விடியுமுன்
நீலப் பெட்டி ஒன்று, மஞ்சள் பெட்டி ஒன்று,
ஒரே வண்டியில் ஏறி
ஊர் எல்லையில் பிரிந்து போயின.
வெள்ளி மதியம் கதவுகள் மூடத் தொடங்கின,
டக், டக் என்று, வரிசை நெடுக.

திங்கள் கூட்டத்தில்
ஒரு எண் மட்டும் சிவப்பாய் நின்றது:
பணம் கொடுக்கும் நாட்கள்,
நூற்றைம்பதிலிருந்து
நூற்று நாற்பத்தொன்பதே முக்கால்.
காரணம் எழுது என்றது திரை.
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.

முயெஸ்ஸெர் என்று தொடங்கி அழித்தேன்.
ஏப்ரல் என்று தொடங்கி அழித்தேன்.
கடைசியில் "கம்பி" என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.